அந்தப் படிவத்தை இனிக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தும் நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதினேழு வருடமாக மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்து வருகிறேன். திருநெல்வேலியில், சுன்னாகத்தில், கொஞ்சக் காலம் பருத்தித்துறையில். என்னிடம் வருகிறவர்களை உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் அவர்கள்தான் உங்களிடமும் வருகிறார்கள். பதவி உயர்வுக்காகப் படிக்கிற அலுவலகத் தம்பிமார், லண்டனில் இருக்கும் கணவனிடம் போகக் காத்திருக்கும் பிள்ளைகள், புகையிரத நிலையத்துக்கு முன்னால் ஓட்டோ வைத்திருக்கும் அண்ணைமார், ஆஸ்பத்திரித் தாதிமார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற பேரப்பிள்ளையோடு நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்று ஓர் அம்மம்மா இரண்டு வருடம் வந்தார். மழை நாளில்கூட அவர் வகுப்பைத் தவறவிட்டதில்லை.

இவர்கள் பணத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து நம் கையில் தருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்புத் தொடங்கும் முதல் நாளே நம் நிலையங்கள் பலவற்றில் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். இருபது முப்பது கேள்விகள். புது இடத்துக்குப் போக வேண்டும் என்றால் வரைபடம் பார்ப்பீர்களா, யாரிடமாவது கேட்பீர்களா, நடந்து போய்ப் பார்ப்பீர்களா என்பது போல. முடிவில் புள்ளிகளைக் கூட்டி, நீங்கள் பார்த்துப் படிக்கிறவர், நீங்கள் கேட்டுப் படிக்கிறவர், நீங்கள் செய்து படிக்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் சூட்டுகிறோம். சில இடங்களில் அந்தப் பெயரை வைத்தே குழு பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் யாரும் சந்தியில் விசாரித்துத்தான் வழி கண்டுபிடிப்பார்கள். அந்தப் பதில் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லும். அந்த ஆளுடைய மூளை எப்படிப்பட்டது என்று சொல்லாது.

நானும் அந்தப் படிவத்தைக் கொடுத்தவள்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு நிலையத்தில் பகுதி நேரமாகப் படிப்பித்தபோது, புள்ளி கூட்டியதும் பெயருக்கு நேரே அடையாளம் போட்டதும் என் கைதான். அந்த வகுப்பில் காரைநகர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கல்யாணம் முடிந்து கணவன் லண்டனுக்குத் திரும்பிவிட்டார். 2010 நவம்பர் முதல், பிரித்தானியாவில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர் அடிப்படை ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும் என்ற விதி இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏ1 என்ற மிகக் கீழான நிலைதான். ஆனால் அந்தச் சோதனையில் வாசிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. கேட்கவும் கதைக்கவும் மட்டும்தான் வேண்டும். எதிரே பரீட்சகர், பக்கத்தில் இன்னொரு பரீட்சார்த்தி, பதினாறு முதல் பதினெட்டு நிமிடம். அவ்வளவுதான்.

படிவம் அவளைப் பார்த்துப் படிக்கிறவர் பக்கம் போட்டது. பத்துக் கிழமை படங்கள், நிற அட்டைகள், திரையில் ஓடும் பாடங்கள். அவளுடைய கொப்பியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். சோதனைக்குப் போனாள், பெயில். பிறகு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள்.

உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லு பார்ப்போம் என்றேன். சிவ என்று தொடங்கும் நீளமான பெயர். முதலில் எழுதிக் காட்டினாள், ஒரு பிழை இல்லை. பேனையை வாங்கி வைத்துவிட்டு, இப்போது வாயால் சொல்லு என்றேன். “எஸ்” என்றாள். நின்றாள். “ஈ” என்றாள்.

அந்த இரண்டாவது எழுத்தின் பெயர் ஐ. பெயருக்குள் அது இ என்று ஒலிக்கிறது, அதனால் அவள் நாக்கு ஈ என்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஈ என்பது வேறொரு எழுத்தின் பெயர். கேட்கிற பரீட்சகர் அந்த வேறெழுத்தைத்தான் எழுதிக்கொள்வார். நம்மவர்களுக்கு ஏ, ஈ, ஐ என்ற இந்த மூன்றிலும் வருகிற தடுமாற்றம் சின்ன விடயம் இல்லை. கடவுச்சீட்டுக் கவுண்டரிலும், ஆஸ்பத்திரியிலும், வங்கியிலும், தொலைபேசியிலும் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இது வந்து நிற்கும். எந்தப் பட அட்டையும் இதைத் தீர்க்காது. வாய் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும், காது கேட்டுக் கேட்டுப் பிடிக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு நாளும் கேட்டுச் சொல்லிப் பழகுவோம் என்றபோது அவள் சொன்னாள்: “நான் கேட்டுப் படிக்கிற ஆள் இல்லை ரீச்சர். படிவத்திலேயே போட்டிருக்கு.”

அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடையாளம் போட்டவள் நான். உதவி என்று நினைத்துக் கொடுத்த தாள் அவளுக்கு ஒரு வேலியாகிவிட்டது. அவள் இப்போது லண்டனில் இருக்கிறாள், இரண்டாம் தரம் பாஸ் பண்ணினாள். ஆனால் முதல் தரம் கட்டிய சோதனைக் காசும், வீணான அந்த மாதங்களும் அவளுடையவை.

படிக்கும் வகை என்பது ஆளில் இல்லை, படிக்கிற பொருளில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான். இன்னொரு உதாரணம் பாருங்கள். பெரியவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதி வைப்பார்கள். தோளில் போடும் பைக்கும் “பாக்”, முதுகுக்கும் “பாக்”, பொதி கட்டுவதற்கும் “பாக்”. பூங்காகூடச் சிலருடைய கொப்பியில் அதேதான். பி என்று தமிழில் எழுதினால் ஒன்றுதான், ஆங்கிலத்தில் அது B, P என்று இரண்டு எழுத்து. இந்த வித்தியாசங்கள் காதில் ஏற வேண்டியவை. மறுபக்கம், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒலிக்காத எழுத்துகள் எத்தனை! அதைக் காதால் பிடிக்க முடியாது, கண் பார்த்துத்தான் பழக வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வந்து குந்திக்கொள்ளும். அந்த ஒழுங்கு வருவதற்கு வாக்கியத்தை எழுதவும் வேண்டும், சொல்லவும் வேண்டும், இன்னொருவர் சொன்னதற்கு உடனே பதில் கொடுக்கவும் வேண்டும். ஆகவே ஒரே ஆளுக்கு ஒரே மாலையில் கண்ணும் காதும் வாயும் மூன்றும் தேவை.

சரி, அப்படியானால் நம் மாணவர்களில் இத்தனை பேர் “எனக்குப் பார்த்தால்தான் ஏறும், எழுதினால்தான் ஏறும்” என்று ஏன் எழுதுகிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றை நாம் வாசிக்கத் தவறுகிறோம்.

இன்றைக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் நம் வகுப்பில் இருக்கிறவர்கள் எப்போது பள்ளிக்கூடம் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1990க்குப் பிறகு போரால் பல வருடம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலிச் செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, யாராவது மிதிக்க, டைனமோவில் ரேடியோ ஓடியது. அப்படி ஓடிய ரேடியோவில் செய்திதான் கேட்டார்கள், ஆங்கிலப் பாடமா கேட்டிருப்பார்கள்? எண்ணெய் சிக்கனத்துக்காக ஜாம் போத்தலில் திரி போட்டு, அந்தச் சின்ன வெளிச்சத்தில் படித்தவர்கள் அவர்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனமே எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது சோதனை வகுப்பில் இருந்தவர்கள் அதில் எத்தனை பேர். ஆங்கிலம் அவர்களுக்கு வந்ததே கரும்பலகையும் கொப்பியுமாகத்தான். ஆசிரியர் எழுதினார், பிள்ளை பார்த்து எழுதியது, பாடமாக்கியது. ஒரு ஆங்கிலக் குரலைத் தொடர்ந்து ஐந்து நிமிடம் கேட்கும் வாய்ப்பே பலருக்குக் கிடைக்கவில்லை.

அப்படி வளர்ந்த ஒரு அண்ணையிடம் எப்படிப் படிக்க விருப்பம் என்று கேட்டால் எழுதித் தாங்கோ என்றுதான் சொல்வார். அவருக்குப் பழகிய ஒரே வழி அது. அந்தப் பதிலை எடுத்து, இவர் மூளை இப்படிப்பட்டது என்று முத்திரை குத்தி, காதுக்கு வேலையே இல்லாத குழுவில் போடுகிறோம். போர் அவரிடமிருந்து பறித்ததை நாமும் கொடுக்காமல் விடுகிறோம். அவருக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது கேட்கும் பயிற்சிதான்.

இந்தப் படிவங்கள் எங்கிருந்து வந்தன என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஞ்ஞானம் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1987 இல் உருவாக்கிய வினாக்கொத்துத்தான் உலகம் முழுக்கப் பரவியவற்றில் ஒன்று. அதே வருடம் அமெரிக்காவில் ஜோய் ரீட் என்பவர், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எப்படிப் படிக்க விருப்பம் என்று கேட்டு ஆய்வு வெளியிட்டார். பெரும்பாலோர் செய்து படிக்கத்தான் விரும்பினார்கள், குழுவாகப் படிப்பதைப் பலர் விரும்பவில்லை. பயனுள்ள ஆய்வு. ஆனால் அது அளந்தது விருப்பத்தை. விருப்பப்படி படித்தவர் கூடுதலாகப் படித்தாரா என்பது வேறு கேள்வி. 2004 இல் பிரித்தானியாவில் ஃபிராங்க் கொஃபீல்டும் கூட்டாளிகளும், ஆட்களைப் படிக்கும் வகை பார்த்துப் பிரிக்கும் கோட்பாடுகளை எண்ணியபோது 71 வந்தது. ஒரு மனிதனை 71 விதமாகப் பிரிக்கலாம் என்றால் எதை நம்பிக் குழு பிரிப்பது?

அந்த வேறு கேள்வியை 2008 இல் ஹரோல்ட் பாஷ்லர், மார்க் மக்டானியல், டக் ரோரர், றொபேட் பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் கையில் எடுத்தார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை எளிது. பார்த்துப் படிக்கிறவர் என்று சொல்லப்பட்டவர்களைப் பாதிப்பாதியாகப் பிரியுங்கள், ஒரு பாதிக்குப் படத்தால் கற்பியுங்கள், மறுபாதிக்குச் சொல்லால். கேட்டுப் படிக்கிறவர்களையும் அப்படியே செய்யுங்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே சோதனை. முதல் வகையினர் படத்தாலும் இரண்டாம் வகையினர் சொல்லாலும் கூடுதல் புள்ளி எடுத்தால் மட்டும்தான் வகை பார்த்துக் கற்பிப்பதில் பலன் உண்டு என்று சொல்லலாம். இந்த முறையில் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றிலும் பல, அந்தக் கருத்துக்கு எதிராகவே வந்தன. வகுப்பறையில் இதற்காகக் காசு செலவழிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்தார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. மாணாக்கரை வகை பிரிக்கிற வேலையை நன்னூல் எப்போதோ செய்துவிட்டது. அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஆனால் கவனியுங்கள், அந்த எட்டும் கண்ணா காதா என்று பிரிக்கவில்லை. கிடைத்ததை வைத்து ஒருவர் என்ன செய்கிறார் என்றுதான் பிரிக்கிறது. பசு கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் இருந்து அசைபோடும். படிக்கும் முறையைச் சொல்லும் இடத்திலும் கேட்டதைத் திரும்ப நினைத்தல், கேள்வி கேட்டல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுதல் என்றுதான் அடுக்குகிறது. கேட்டதைத் திரும்ப நினைத்தல் என்ற இந்த ஒன்றை 2006 இல் ஹென்றி றோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பந்தியை இரண்டு தரம் படித்தவர்கள் ஒரு கிழமை கழித்து 42 வீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு தரம் படித்துவிட்டு, இரண்டாம் தரம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 வீதம் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஆறுதலாக யோசித்தால் நம் வகுப்புகளின் பிரச்சினை முழுக்க இதில் இருக்கிறது. வகுப்பு முடியும்போது எல்லோருக்கும் எல்லாம் விளங்கிய மாதிரி இருக்கும். அடுத்த கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. விருப்பத்தைக் கேட்காமல் விட்டால் பெரியவர்கள் வகுப்பைவிட்டு நின்றுவிடுவார்கள் என்பீர்கள். உண்மைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1990களின் தொடக்கத்தில், தன் முதலாண்டு மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் கூர்ந்து பார்த்து ஆய்வு செய்தார். தமிழ்ச் சினிமா, காதல், அந்தக் காலத்து அரசியல் எல்லாம் அந்த ஓரங்களில் இருந்தன. மாணவர்கள் கலந்துரையாடலைவிட இலக்கணத்தையும் பரீட்சைக்கு வேண்டியதையும் கேட்டார்கள். அவர் அதை மூளையின் வகையாகப் பார்க்கவில்லை. அந்தப் பாடமும் அவர்களுடைய வாழ்க்கையும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்ததைப் பார்த்தார். விருப்பத்தைக் கேட்பதென்றால் இப்படிக் கேட்க வேண்டும். ஏன் வந்தீர்கள், எங்கே பாவிக்கப் போகிறீர்கள், எதற்குப் பயம்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வளர்ந்தவர்களின் ஆங்கிலத்தைத் தடுத்து வைத்திருப்பது பகிடிதான். ஒருவர் வாய் திறந்து பிழைவிட்டால் ஊரே சிரிக்கும் என்ற எண்ணம். வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரில் ஆங்கிலம் என்றால் ஒரு மதிப்பு. அந்த மதிப்பே வாயையும் கட்டிப்போடுகிறது. எனக்குக் கேட்டுப் படிக்க வராது என்று சொல்கிற பலர் உண்மையில் சொல்வது எனக்குக் கதைக்க வெட்கம் என்பதைத்தான். படிவம் அந்த வெட்கத்துக்கு ஒரு விஞ்ஞானப் பெயர் கொடுத்து, ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்கிறது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் படிவம் இல்லை. ஒவ்வொருவரோடும் தமிழில் ஐந்து நிமிடம் கதைப்பேன். ஆங்கிலம் எதற்கு, கடைசியாக எப்போது ஆங்கிலம் கேட்டீர்கள், எப்போது கதைத்தீர்கள், ஒரு நாளில் எந்த நேரம் உங்களுக்குச் சொந்தமாக இருக்கிறது. ஓட்டோ அண்ணைக்கு இரண்டு சவாரிகளுக்கு நடுவில் கிடைக்கிற நேரம். தாதிக்கு இரவு வேலை முடிந்து வருகிற பஸ். அந்த நேரத்துக்கு ஏற்றபடி வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புவேன், அவர்கள் குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும். எழுத்தில் பதில் எடுப்பதில்லை.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் கொப்பிகள் எல்லாம் வாங்குக்குக் கீழே போகும். போன கிழமை படித்ததில் நினைவில் நிற்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த அமைதியைத் தாங்கிக்கொண்டு நிற்பது ஆசிரியருக்கும் கஷ்டம், உடனே எடுத்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்கக் கூடாது. பிறகு எங்கோ ஒரு மூலையில் யாராவது “யெஸ்ரடே ஐ...” என்று தொடங்குவார்கள். மற்றவர் திருத்துவார். ஐந்தாவது நிமிடத்தில் வகுப்புச் சந்தை மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு கொப்பியை எடுத்து, பிழைத்ததைப் பார்த்து வடிவாக எழுதச் சொல்வேன். எழுத விரும்புகிறவர்களுக்கு அந்த நேரம் நிறையவே உண்டு. கொப்பியைப் பறிக்கச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பிறகு எழுதட்டும் என்றுதான் சொல்கிறேன். தமிழில் விளங்கப்படுத்தவும் தயங்குவதில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மேற்கத்திய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த ஊர் இது. ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் சொன்னால் ஒன்றும் குறைந்துபோகாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள விடயம் இல்லை. வரப்போகும் தை மாதப் பிரிவுக்குப் படிவத்தைப் போட்டோக் கொப்பி எடுக்காதீர்கள். ஏற்கெனவே வகை பார்த்துப் பிரித்த குழுக்களைக் கலந்துவிடுங்கள். அந்த வகைப் பெயரைச் சான்றிதழிலோ, முன்னேற்ற அறிக்கையிலோ போடுகிற நிலையங்கள் அதை நிறுத்துங்கள். வகைக்கேற்ற வகுப்பு என்று சொல்லி மேலதிகக் கட்டணம் எடுப்பது நியாயம் இல்லை, அதை இந்த மாதமே நிறுத்த வேண்டும். படிவத்தில் பெயர் வாங்கிப்போன பழைய மாணவர்கள் யாரையாவது வழியில் கண்டால், அது பிழை என்று சொல்லுங்கள். நான் என்னுடையவர்களைத் தேடிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏழெட்டுப் பேரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமைகளில் எனக்குப் பின்னேரம் ஓய்வு. எழுத்துப் பெயர்களுக்கும் “பாக்” போன்ற சொற்களுக்கும் நான் ஒலிப்பதிவு செய்து வைத்த பயிற்சிகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் இலவசமாகத் தருவேன். கூப்பிட்டால் வந்து உங்கள் வகுப்பில் ஒரு தரம் செய்தும் காட்டுவேன்.

அன்புடன்,
வளர்ந்தோர் ஆங்கில ஆசிரியை ஒருத்தி,
யாழ்ப்பாணம்.